மலையும் குறிப்புப் புத்தகமும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வழக்கமாக என்னை மேடைக்கு அழைப்பவர்கள், "நீரிழிவைப் பற்றிப் பேசும்" என்பார்கள். இம்முறை செயலாளர் அக்கா, "நீர் மலை ஏறுகிறீர், அதைப்பற்றி எழுதவும் செய்கிறீர். அதையே பேசும்" என்றார். மகிழ்ச்சியோடு சம்மதித்தேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மலை எங்கிருந்து வந்தது என்று சிலர் நினைக்கக்கூடும். எங்களிடம் இருப்பது கீரிமலை ஒன்றுதான். அங்கே கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, மலையைத்தான் தேடவேண்டும். ஆகவே நான் மலையை முதலில் ஏறியது புத்தகங்களில். மலைநாட்டில் வைத்தியராக நியமனம் கிடைத்த பிறகே கால்களால் ஏறத் தொடங்கினேன். இரண்டு விதமாகவும் ஏறிப் பார்த்ததில் எனக்குள் ஒரு கேள்வி வளர்ந்தது. மலையில் நடந்ததை யார் எழுதுகிறார்கள்? யார் எழுதாமல் விடப்படுகிறார்கள்?

நேபாளத்தில் அன்னபூர்ணா என்றொரு சிகரம் உண்டு. உயரம் 8,091 மீற்றர். 1950 ஜூன் 3ஆம் திகதி மொரிஸ் ஹேர்சோக், லூயி லஷ்னால் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் அதன் உச்சியை அடைந்தார்கள். எட்டாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட சிகரமொன்றில் மனிதர் கால்பதித்தது அதுவே முதல்முறை. இருவருக்கும் கடும் குளிரால் உறுப்புகள் கருகிப்போயின. குழுவின் வைத்தியர் திரும்பும் வழியிலேயே விரல்களை வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. எழுத விரல் இல்லாத ஹேர்சோக், மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல உருவானது உலகப் புகழ்பெற்ற அவரது நூல்.

ஆனால் குழுவின் மற்றவர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு எதையும் வெளியிடுவதில்லை என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருந்தார்கள். லஷ்னால் 1955இல் பனிச்சறுக்கின்போது பனிப்பிளவில் விழுந்து இறந்தார். மறு ஆண்டு அவரது குறிப்புகள் நூலாகின. பல பகுதிகள் நீக்கப்பட்டே வெளிவந்தன. முழுமையாக வெளிவந்தது 1996இல். தன் கால்கள் உறைவதை உணர்ந்தும், தோழரைத் தனியே விட்டால் அவர் உயிரோடு திரும்பமாட்டார் என்பதற்காகவே தான் உச்சிவரை போனதாக அவர் எழுதியிருந்தார். ஒரே மலை, ஒரே நாள், இரண்டு கதைகள். இரண்டாவது கதை நம் கைக்கு வர நாற்பத்தாறு ஆண்டுகள் சென்றன.

அதே மலைக்கு 1978இல் பெண்கள் குழுவொன்று போனது. தலைமை தாங்கியவர் ஆர்லீன் புளும் என்ற அமெரிக்க உயிர்வேதியியல் ஆய்வாளர். பயணச் செலவுக்காக அவர்கள் டீசேர்ட் அச்சிட்டு விற்றார்கள். ஒக்டோபர் 15ஆம் திகதி இரண்டு பெண்களும் இரண்டு ஷெர்பாக்களும் உச்சியை அடைந்தனர். இரண்டு நாட்களின் பின் உச்சிக்குப் புறப்பட்ட வேறு இரண்டு பெண்கள் விழுந்து இறந்தனர். 1980இல் வெளிவந்த நூலில் புளும் வெற்றியை மட்டும் எழுதவில்லை. குழுவுக்குள் நடந்த சச்சரவு, தலைவியாகத் தான் பட்ட தயக்கம், இழந்த தோழியர் எல்லாவற்றையும் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அதை நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

டென்சிங் நோர்கேக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எவரெஸ்ட்டில் முதலில் கால்வைத்தது யார் என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சொல்ல, இன்னொருவர் எழுதி 1955இல் வெளிவந்த தன்வரலாற்றில், ஹிலரியே சில அடிகள் முன்னால் சென்றார் என்று அவரே சொல்லிவிட்டார். எழுத்தறியாதவரிடமும் சாட்சியம் இருக்கிறது. கேட்டு எழுத ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. கொழுந்துக் கூடையோடு நாள்தோறும் சரிவுகளில் ஏறி இறங்கும் பெண்களை எவரும் மலையேறுபவர்கள் என்று அழைப்பதில்லை. அந்தத் தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைச் சேகரித்து நூலாக்கியவர் அங்கேயே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. சிவனொளிபாதமலை உச்சியில், எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை முறை மணி அடிப்பது வழக்கம். நரைத்த தலையோடு ஓர் அம்மா நின்று நிதானமாக மணி அடிக்கும்போது, அதுவே அவரது குறிப்புப் புத்தகம் என்று எனக்குத் தோன்றும்.

வைத்தியராக ஒன்று சொல்கிறேன். எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். ஒட்சிசன் குறையும்போது முதலில் தடுமாறுபவற்றுள் தீர்மானிக்கும் ஆற்றலும் நினைவும் அடங்கும். அதனால் அங்கே இருவர் ஒரே சம்பவத்தை வேறுவேறாக நினைவு வைத்திருப்பது பொய் ஆகாது. நம் சின்ன மலைகளில் அந்த ஆபத்து இல்லை. களைப்பும் காலமும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆகவே இறங்கிய அன்று மாலையே எழுதிவிடுவேன். ஈரத்தில் பேனை எழுதாது, பென்சில் எழுதும். நேரம், மழை, வலித்த இடம் ஆகியவற்றோடு, வழிகாட்டியவரின் பெயர், தேநீர் தந்தவரின் பெயர் என்பவையும் கட்டாயம் இருக்கும். ஏறுவது இதயத்துக்கு வேலை, இறங்குவது முழங்காலுக்கு வேலை என்பதையும் இங்கிருக்கும் அக்காமாருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

2016 மே 21ஆம் திகதி ஜெயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அந்த உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர் ஒரு பெண் என்று நம் பேத்திமார் படிப்பார்கள். அது எழுதப்பட்டுவிட்டது.

எழுதப்படாதவை நம்மிடம் நிறைய உண்டு. நமது பாடசாலையின் அதிபர்களின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. விடுதியில் சமைத்தவர்கள், மணி அடித்தவர்கள், 1995 இடப்பெயர்வில் தம் பிள்ளைகளோடு பிறர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்த ஆசிரியைகள், இவர்களின் பெயர்கள் உங்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அந்த ஆசிரியைகளில் சிலர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதுங்கள். இருவர் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். ரொறொன்ரோவில் இருந்தாலும் சிட்னியில் இருந்தாலும் ஒரு பக்கம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.