பட்டாளத்துப் பிள்ளைக்கு எந்த வக்கீல்?

(சுள்ளிக்கல் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் நம் கிளைக்கு வந்தார். பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த மகனைக் கோர்ட் மார்ஷல் செய்து வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த அம்மா வட்டிக்கு வாங்கி ஒரு வக்கீலிடம் பணம் கட்டியிருந்தார். அவரோ நிலவழக்கு பார்ப்பவர். நான்கு மாதம் வைத்திருந்துவிட்டு, "இது நம்ம கோர்ட்டிலே வராதும்மா" என்று காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ரயில்வேக்காரர்களான எங்களுக்குச் சார்ஜ் ஷீட் தெரியும். கோர்ட் மார்ஷல் தெரியாது. அலைந்து விசாரித்து அறிந்ததைச் சொல்கிறோம்.

சிப்பாய்க்குச் சட்டம் வேறு. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டப்படி நடக்கும் சம்மரி கோர்ட் மார்ஷலில் கமாண்டிங் அதிகாரியே நீதிபதி. ஓராண்டு வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம். அங்கே வக்கீல் எழுந்து வாதாட முடியாது.

1985இல் ரஞ்சித் தாக்கூர் என்ற சிப்பாய், அதிகாரியின் கொடுமையைப் பற்றி மேலே மனு அனுப்பினார். அதற்கே 28 நாள் கடுங்காவல். காவலில் சாப்பிட மறுத்தார் என்று மறுபடி விசாரணை. யார்மீது புகார் செய்தாரோ அந்த அதிகாரியே விசாரணையில் உட்கார்ந்தார்! ஓராண்டுச் சிறை, வேலை நீக்கம். 1987இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. சாதாரணச் சிப்பாய் ஜெயித்தார், தோழர்களே! ஆனால் அதற்கு டில்லி வரை போக வேண்டியிருந்தது.

கோர்ட் மார்ஷலுக்கு மேல் அப்பீல் இல்லாதது பெருங்குறை என்று 1982இலேயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. சட்டம் வர 25 ஆண்டு ஆயிற்று. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்துக்குக் கொச்சியிலும் சென்னையிலும் கிளை உண்டு.

ஆகவே, வக்கீலைத் தேடுமுன் கோர்ட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படை என்றால் இந்தத் தீர்ப்பாயம். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். என்றால் ஹைகோர்ட். கடற்படைத் தளத்தில் சிவில் ஊழியராக இருப்பவர்களுக்கு எர்ணாகுளத்து மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்.

பிறகு வக்கீலிடம் கூசாமல் கேளுங்கள்: "இந்தத் தீர்ப்பாயத்தில் ஆஜராகியிருக்கிறீர்களா? எத்தனை வழக்கு?" அங்கே வழக்கு நடத்திய முன்னாள் படைவீரர்களையும் விசாரியுங்கள். ஃபீஸுக்கு ரசீது வாங்குங்கள். சார்ஜ் ஷீட், தண்டனை உத்தரவு, டிஸ்சார்ஜ் புத்தகம், ஆஸ்பத்திரிக் காகிதம் எதையும் தொலைக்காதீர்கள். நகலைக் கொடுத்து அசலை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் படைக்குள்ளேயே மேல்மனு போட வேண்டும். அதன்மேல் இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கலாம். அதை நம்பி உட்காராதீர்கள்.

கையில் காசில்லையா? 1987ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. அது பிச்சை அல்ல, உரிமை.

அந்தத் தாயின் மகனுக்கு இப்போது சரியான வக்கீல் கிடைத்திருக்கிறார், மேல்மனு போயிருக்கிறது. தீர்ப்பு எப்படி வருமென்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இனி நம் தெருவில் ஒரு தாய் நான்கு மாதத்தை இப்படி இழக்கக் கூடாது. கடிதம் வந்த அன்றே கிளைக்கு வாருங்கள், கூட வருகிறோம்.