மேளத்துக்கு உரியது



சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் நெடுஞ்சாலையில் பங்காருபாளையம் என்னும் ஊர் இருக்கிறது. மாந்தோப்புகள் சூழ்ந்த ஊர். நாதஸ்வரத்தை அங்கே சன்னாயி என்பர். தவிலை டோலு என்பர். பெயர் வேறாயினும் இசை ஒன்றே. அவ்விசைக்கு ஊதியம் பேசும்போது நாம் காட்டும் கைச்சுருக்கமும் எல்லைக்கு இருபுறத்திலும் ஒன்றே!

ஒரு முகூர்த்தத்தை எண்ணிப் பார்ப்போம். முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கும் மேளம், மறுநாள் காலை கெட்டிமேளம் முழங்கி, நலங்கு முடியும் வரை ஓய்வதில்லை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், சுருதி, தாளம் என ஆறு பேர். பந்தல்காரருக்கும் பூக்காரருக்கும் சீட்டு எழுதிப் பணம் கொடுத்துவிடுகிறோம். மேளக்காரர் மட்டும் கடைசிப் பந்தி எழும் வரை காத்திருக்க வேண்டியவராகிறார். பேசிய தொகையில் இடைத்தரகர் தம் பங்கை எடுத்துக்கொள்வதும் உண்டு. எஞ்சியதை ஆறாகப் பகிர்ந்தால், தாளம் போடும் இளைஞனுக்குப் பேருந்துக் கட்டணம் போக என்ன மிஞ்சும்?

கருவிக்கும் செலவு உண்டு. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படும் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் நாணலால் ஆன சீவாளி தேயும். தவிலின் தோல் கிழியும். அவற்றை மாற்றும் பணம் அந்தத் தாம்பூலத் தட்டிலிருந்தே வரவேண்டும்.

முற்காலத்தில் கோயில் மேளக்காரருக்கு மானிய நிலம் இருந்தது. நிலம் சோறிட்டது, திருமண வீட்டில் கிடைத்தது உபரி. ஆந்திரப் பகுதிக்கு 1956-இல் இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது. பழைய ஏற்பாடு நாளடைவில் தேய்ந்தது. உபரியாக இருந்ததே இன்று பிழைப்பாகிவிட்டது. நாமோ இன்னும் அந்தப் பழைய உபரியை மனத்தில் வைத்தே பேரம் பேசுகிறோம்.

பிறரைக் குறை கூறுவானேன்? வெளிமாநிலத்தில் வாழும் தமிழராகிய நாம் கூடி நடத்திய ஓர் இராமநவமி விழாவில், நகரத்திலிருந்து வந்த பாடகருக்கு முன்பணமும் வண்டியும் அனுப்பினோம். உள்ளூர் மேளத்தாரிடம், "சுவாமி காரியம்தானே, கைங்கரியமாகச் செய்யுங்கள்" என்றோம். அவர்கள் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு அழைப்பு வராது என்பதை நாமும் அறிவோம், அவர்களும் அறிவர். அதற்கு நாம் இட்ட பெயர் பக்தி.

வானொலி இவ்விஷயத்தில் ஒரு வழி கண்டது. பி. வி. கேஸ்கர் 1952 முதல் 1962 வரை அமைச்சராக இருந்த காலத்தில், கலைஞர்களைத் தேர்வு செய்து தரம் பிரிக்கும் முறை ஊன்றியது. தேர்ந்த வித்துவான்களையும் தேர்வுக்கு உட்காரச் சொல்வதா என்று பலர் சினந்தனர்; அச்சினத்தில் நியாயமும் இருந்தது. எனினும் இன்ன தரத்துக்கு இன்ன தொகை என்பது முன்னமே எழுத்தில் இருப்பதால், நிலைய வாசலில் பேரம் இல்லை. 1956-இல் மறைந்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை, நாதஸ்வரக் கலைஞர் மேடையில் சமமாக அமரவேண்டும் என்று வாதாடி வென்றவர். அவர் புகழுக்கு முன் பேரம் பேச எவரும் துணியவில்லை. புகழ் இல்லாத பங்காருபாளையத்துக் கலைஞருக்குத் துணையாக ஒரு தாள் எழுத்தாவது வேண்டாமா?

அடுத்த விழாவுக்கு நாம் அப்படி ஒரு தாள் எழுதினோம். எத்தனை மணி நேரம், எத்தனை பேர், வழிச்செலவு எவ்வளவு, நேரம் நீண்டால் மேற்கொண்டு எவ்வளவு என்பனவே அதில் இருந்தவை. தெலுங்கிலும் தமிழிலும் எழுதி இரு தரப்பாரும் கையெழுத்திட்டோம். தொகை சென்ற ஆண்டு பாடகருக்குக் கொடுத்ததில் பாதியைக்கூட எட்டவில்லை. நம் நிதி அவ்வளவே. அதை மறைக்காமல் முன்பே சொன்னோம். மூத்த வித்துவான் தாளை இருமுறை படித்தார். பிறகு, சாப்பாடு முதல் பந்தியிலா கடைசிப் பந்தியிலா என்று கேட்டார். அதையும் எழுதிச் சேர்த்தோம்.