வாடகை வீட்டு ஃபானும் எங்கள் பிள்ளைகளும்

(கொடிகாமத்தில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழமையாகச் சம்பளம், சேமலாப நிதி என்று பேசத்தான் கூடுகிறோம். இன்றைக்கு நான் பேசப்போவது ஒரு ஃபானைப் பற்றி. சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இரண்டு மாதம் அதைக் கவனிக்காமல் விட்டேன்.

நான் மலையகத்தில் லயன் அறையில் பிறந்தவன். 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. எங்கள் மலைத் தண்ணீரில் பிறந்த கரண்ட் கொழும்புக்குப் போனது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் எங்கள் லயன்களில் குப்பி விளக்குத்தான். கொடிகாமத்து ஆட்களுக்கும் இருட்டு தெரியும். யுத்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். இப்படிக் கரண்டுக்காகக் காத்திருந்த சனம் என்றபடியால், லைட் எரிந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். அது எப்படி எரிகிறது என்று பார்ப்பதில்லை.

இப்போது எனக்கு இங்கே தென்னந்தோட்ட வேலை. குடும்பத்தோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். நடு அறையில் மூன்று பல்ப் பூட்டும் ஃபான். அதில் ஒரு பல்ப் விட்டுவிட்டு எரிந்தது. திருகினால் எரியும், ஃபான் சுற்றினால் அணையும். "வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க" என்றார் மனைவி. "சொன்னா வாடகைய கூட்டுவாரு, இல்லாட்டி எழும்பச் சொல்லுவாரு" என்றேன் நான்.

ஒரு இரவு மகள் அதற்குக் கீழே பாயில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் உருகிய துண்டு ஒன்று அவளுடைய கொப்பியில் விழுந்தது. ஓடிப்போய் மெயின் சுவிச்சை நிற்பாட்டினேன். கொப்பியில் ஓட்டை விழுந்ததோடு போயிற்று. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் அவளுடைய தலை.

மறுநாள் வந்த எலக்ரீசியன் கழற்றிக் காட்டினார். ஃபானின் அதிர்வில் ஹோல்டரின் உள்ளே வயரைப் பிடிக்கும் ஆணி தளர்ந்திருந்தது. தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், சூடேறும். ஹோல்டரில் 40 வாட்ஸ் என்று எழுதியிருந்தது. அதில் எரிந்துகொண்டிருந்தது பழைய 100 வாட்ஸ் குண்டு பல்ப். இரண்டும் சேர்ந்து ஹோல்டரை உருக்கிவிட்டன.

அவரிடம் கேட்டு அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பிழை எங்கே என்று பாருங்கள். லைட்டை நிற்பாட்டி, சூடு ஆறிய பிறகு நல்ல பல்ப் ஒன்றை மாற்றிப் போடுங்கள். அதுவும் எரியாவிட்டால் பிழை பெரும்பாலும் ஹோல்டரில். மூன்றுமே எரியாவிட்டால் சுவிச்சிலோ மேலே போகும் வயரிலோ இருக்கலாம்.

பல்ப் மாற்றுவதைத் தவிர வேறு எதற்காகவும் ஹோல்டரில் கை வைப்பதென்றால், மெயின் சுவிச்சை நிற்பாட்டியே ஆகவேண்டும். சுவரில் உள்ள சுவிச்சை நம்ப வேண்டாம். ஃபானுக்கும் லைட்டுக்கும் தனித்தனி வயர் போகும். ஒன்றை நிற்பாட்டினாலும் மற்றதில் கரண்ட் நிற்கும். பிழையாக வயரிங் செய்த வீட்டில் சுவிச்சை நிற்பாட்டிய பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் இருக்கும். யாரும் தெரியாமல் மெயினைப் போட்டுவிடாதபடி ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஆடுகிற கதிரைக்கு மேல் கதிரை வைத்து ஏறவும் வேண்டாம்.

திருகும் ஹோல்டரின் அடியில் ஒரு தகடு இருக்கும். அது அமுங்கிப்போனால் பல்பில் முட்டாது. மெயினை நிற்பாட்டிய பிறகு காய்ந்த மரக்குச்சியால் மெல்லக் கிளப்பிவிடலாம். பின் பல்ப் ஹோல்டரில் இரண்டு ஸ்பிரிங் முனைகள் இருக்கும். அவை இறுகிப்போனாலும் லைட் எரியாது. அதற்கு ஹோல்டரை மாற்றுவதுதான் வழி.

கறுத்திருந்தால், உருகியிருந்தால், மணந்தால், அது எங்கள் வேலை இல்லை. ரேப் சுற்றிச் சமாளிக்காமல் தகுதியுள்ள எலக்ரீசியனைக் கூப்பிடுங்கள். திருகும் ஹோல்டரில் கரண்ட் வரும் வயர் நடுத் தகட்டுக்குப் போகவேண்டும். மாறிப் பூட்டினால் பல்ப் திருகும்போது கை படுகிற உலோகத்திலேயே கரண்ட் இருக்கும்.

ட்ரிப் சுவிச்சில் டி என்ற எழுத்துள்ள பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் அது உங்களைக் காப்பாற்றாது. யாருக்காவது கரண்ட் அடித்தால் தொடாதீர்கள். மெயினை நிற்பாட்டிவிட்டு 1990க்கு அழையுங்கள்.

வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். "முதலே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். செலவில் பாதியைத்தான் தந்தார். மீதிக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் வாடகையைக் கூட்டவுமில்லை, எழும்பச் சொல்லவுமில்லை. நான் இரண்டு மாதம் பயந்தது நடக்கவில்லை; பயப்படாத ஒன்றுதான் நடந்தது.

வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது, வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரை, வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. ஆகவே வாயால் சொன்னதை எழுத்திலும் கொடுங்கள். திகதி போட்டு ஒரு பிரதி வைத்திருங்கள், கருகிய ஹோல்டரைப் படம் எடுத்து வையுங்கள். ஆனால் கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். நிலுவை விழுந்தால் அதுவே எங்களை எழுப்பக் காரணமாகிவிடும்.

லயன்களில் இருக்கும் உறவுகளுக்கும் இதைச் சொல்லுங்கள். "மின் ஒழுக்கினால் லயன் குடியிருப்பில் தீ" என்ற செய்தியை எத்தனை தடவை வாசித்திருக்கிறோம். ஒரே கூரை என்பதால் ஒரு அறையில் பிடித்த தீ வரிசை முழுவதையும் தின்கிறது. அங்கே ஒரு குடும்பம் தனியாக முறையிட்டால் தள்ளிப்போடுவார்கள். வரிசையில் உள்ள எல்லோரும் கையொப்பமிட்டு, தோட்டத் தலைவர் மூலம் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். சம்பளம் கேட்க ஒன்றுசேர்கிற நாங்கள் இதற்கும் ஒன்றுசேரலாம்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் படுக்கிற இடத்துக்கு மேலே ஒருக்கால் நிமிர்ந்து பாருங்கள். கறுத்த ஹோல்டர் கண்ணில் பட்டால், நாளைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். என்னைப்போல் இரண்டு மாதம் காத்திருக்காதீர்கள்.