செங்கல்பட்டுக்குப் போய்ப் பாருங்கள்

(கேளம்பாக்கத்தில் இளைஞர்கள், மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கிருந்து திருப்போரூர் வழியாகப் போனால் செங்கல்பட்டு. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன். யாரைக் கேட்டாலும் கோட்டையைத்தான் காட்டுகிறார்கள். 1752இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ராபர்ட் கிளைவ் பிடித்த கோட்டை. யார் பிடித்தால் என்ன, சேரி சேரியாகவே கிடந்தது.

நான் தேடிப் போனது வேறு இரண்டு சண்டைகளை.

முதல் சண்டை காகிதத்தில் நடந்தது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ 1890களில் இந்த ஊரில் இருந்துகொண்டு பறையர்களுக்கு நிலம் வேண்டும் என்று எழுதினார். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் நம் நிலைமை அப்படியே இருக்கிறது. குடிசை நிற்கிற மண்கூட மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி பண்ண வேண்டும். தரிசுக்கு மனுப் போட்டால் அவனுக்குத்தான் முன்னுரிமை. 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. அதன் வழியாக ஒப்படைத்ததைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்கப்புறமும் நம் மக்களுக்குள்தான் கைமாறலாம் என்பது நிபந்தனை.

இரண்டாவது சண்டையில் ரத்தம் சிந்தியது. மாமல்லபுரம் பக்கம் காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பினார்கள் நம் ஜனங்கள். 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அரசாங்கம் போட்ட ஆணையை 102 வருஷம் கழித்து அமல்படுத்தச் சொன்னதற்குக் கிடைத்த பதில் குண்டு.

நான் பேங்க் குமாஸ்தா. தினமும் நிலப் பத்திரங்கள் என் மேசைக்கு வருகின்றன. முப்பது வருஷத்து வில்லங்கம் போட்டுப் பார்த்தால், பறிக்கப்பட்டுப் பல கை மாறிய நிலமும் சுத்தமாகத்தான் தெரியும். நிபந்தனை அதற்கும் முந்தி எழுதப்பட்டது. அதைத் தேட வேண்டிய இடம் பழைய 'ஏ' பதிவேடு. இந்த ரோட்டோரம் மதில் எழுப்பி மனை போடுகிறபோது அதை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்?

நாமதான் பார்க்கணும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லிருந்து கையில் இருக்கிறது. தாத்தா பாட்டியிடம் எந்த வயல் நம்முடையதாக இருந்தது என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவரவர் ஊர் சர்வே நம்பரோடு வாங்க.