சான்றுக்கு என்ன விலை?
தளவாய்புரம் நாணயவியல் கருத்தரங்கின் தலைமையுரை



நாணயவியல் கருத்தரங்கைத் தளவாய்புரத்தில் வைப்பானேன் என்று சிலர் கேட்டார்கள். தென்பாண்டிச் சீமையின் காசுகளைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர்களுள் முன்னோடி லோவந்தால் என்ற டேனிஷ் பாதிரியார். திருநெல்வேலிக் காசுகளைப் பற்றிய அவருடைய நூல் 1888இல் வந்தது. அப்போது இந்த ஊரை உள்ளடக்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்தது; விருதுநகர் மாவட்டம் 1985இல்தான் பிறந்தது. ஆகவே அந்த நூலின் நிலத்தில்தான் இன்று கூடியிருக்கிறோம்.

நான் பேச எடுத்துக்கொண்டது விலையைப் பற்றி. அறிஞர் அவையில் விலைப்பேச்சு எதற்கு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எந்தக் காசு பத்திரமாகப் பெட்டியில் இருக்கும், எது உருக்குமூசைக்குப் போகும் என்பதை நம் கட்டுரைகளைவிட விலைதான் அதிகம் தீர்மானிக்கிறது.

இப்போது ஏலங்களில் ஒரு புது வழக்கம் வேரூன்றிவிட்டது. ஒரே ஆண்டு, ஒரே அக்கசாலை, ஒரே உலோகம், இரண்டு காசுகள். ஒன்று வெறுமனே உறையில் இருக்கிறது. மற்றொன்று ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், பார்கோடும் ஓர் எண்ணும் அச்சிட்ட சீட்டோடு இருக்கிறது. சேகரிப்பாளர்கள் இதை ‘ஸ்லாப்’ என்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பது சந்தை விலையைப் போல் பல மடங்குக்குப் போவதும் உண்டு. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே துணியில், ஒரே தையல் கூடத்தில் தைத்த நைட்டிகள் எந்த லேபிளைத் தாங்கிப் போகின்றனவோ அதற்கேற்ற விலைக்கு விற்பதைத் தினமும் பார்ப்பவர்கள் நீங்கள்.

சான்றுக்குக் காசு கொடுப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. 1939ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி கொண்ட ரூபாய்க்கு அதுவே கடைசி ஆண்டு. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. நல்ல வெள்ளி என்பதால் 1939ஆம் ஆண்டுக் காசுகளில் பெரும்பகுதி உருகிப்போயிற்று. மிஞ்சியது அருமை, அருமையானதற்குப் போலியும் பெருகிற்று. பக்கத்து ஆண்டுக் காசின் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியவை உண்டு, வார்ப்பில் ஊற்றியவையும் உண்டு. நல்ல காசு தராசில் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் நிற்க வேண்டும். வார்ப்புப் போலியைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். வெறும் பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். இதைப் பார்க்கத் தெரியாதவர், தெரிந்தவரின் கண்ணுக்குக் கூலி கொடுக்கிறார். அது நியாயமான கூலி.

அந்தக் கூலி மிகப் பழையது. காசு நோட்டம் பார்ப்பவர் வண்ணக்கர். சங்கப் புலவர்களில் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற சிலர் அந்தத் தொழிலைப் பெயரோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். ரோமில் சோதித்த காசுகளைப் பையிலிட்டு முத்திரை வைத்து, எலும்பிலோ தந்தத்திலோ செய்த சிறு வில்லையைக் கட்டிவிடுவார்கள். சோதித்த அடிமையின் பெயர், அவனுடைய எசமானின் பெயர், சோதித்த நாள் ஆகியவை அதில் இருக்கும். இடைக்கால பிளாரன்ஸ் நகரத்திலும் பொற்காசுகள் முத்திரையிட்ட பையோடு பிரிக்கப்படாமலே கைமாறின. இவர்கள் எல்லாரும் சோதித்தது மூன்றைத்தான்: காசு உண்மையானதா, எடை சரியா, மாற்று சரியா.

இன்றைய சீட்டு நான்காவதாக ஒன்றைச் சொல்கிறது. காசு எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதற்கு 1 முதல் 70 வரை ஓர் எண். அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக இந்த அளவுகோலை வகுத்தார். மிகத் தேய்ந்த காசு ஒரு டாலர் என்றால் குறையே இல்லாதது 70 டாலர் பெறும் என்பது அவர் கணக்கு. எண்ணே அன்றைய விலையிலிருந்து பிறந்தது. விலைகள் எங்கோ போய்விட்டன. எண் மட்டும் நின்றுவிட்டது. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்ற நிறுவனங்கள் அமெரிக்காவில் வந்தபின் அந்த எண் பெட்டிக்குள் ஏறி, இப்போது எண்ணே விலையை நடத்துகிறது.

இதன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1963இல் அமெரிக்க அக்கசாலை சேகரிப்பாளருக்கென்றே பளபளப்பாக அடித்த ஒரு சென்ட் காசுகள் முப்பது லட்சத்துக்கும் மேல். அவற்றில் 70 என்ற முழு மதிப்பெண் பெற்ற ஒன்று 2000களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 40,000 டாலருக்குப் போயிற்று. செய்தி பரவியது; ஆளாளுக்குத் தங்கள் காசுகளை அனுப்பினார்கள்; 70 பெற்றவை பெருகின; விலை சரிந்தது. வாங்கியவருக்குக் கிடைத்தது அரிய காசு அன்று, அன்றைய தேதியில் அரிதாக இருந்த ஒரு சீட்டு.

அந்த எண்ணும் கல்வெட்டு அன்று. தரம் பார்ப்பவர் ஒரு காசுக்குச் செலவிடுவது பெரும்பாலும் சில வினாடிகள். ஒரு புள்ளி கூடினால் ஆயிரக்கணக்கில் லாபம் என்பதால் பெட்டியை உடைத்து மறுபடி அனுப்புவதே சிலருக்குத் தொழில். உடைத்தவர்கள் பழைய சீட்டைத் திருப்பித் தராவிட்டால் ஒரே காசு நிறுவனத்தின் எண்ணிக்கைப் பட்டியலில் இரண்டாக நிற்கும். சான்று பெற்ற காசுகளை மீண்டும் சோதித்து, பெட்டியின் மேல் பச்சை வில்லை ஒட்டும் நிறுவனமும் 2007இல் வந்தது. பெட்டிகளுக்கே போலியும் வந்தது.

நம் காசுகளுக்கு வருவோம். புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள். மிகப் பலவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே ஆழமான வெட்டு. தரச்சீட்டு எழுதினால் ‘சேதம்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். நமக்கோ அந்த வெட்டுத்தான் ஆவணம். காசாக வந்ததை இங்கே யாரோ காசாகச் செல்லாதபடி செய்திருக்கிறார்கள். ஏன் செய்தார்கள் என்ற கேள்விதான் அந்தப் புதையலின் பெருமதிப்பு.

‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் பொறித்த சதுரச் செப்புக்காசும் அப்படித்தான். முன்புறம் குதிரை, ஆமைகள் நீந்தும் தொட்டி. பின்புறம் கோட்டுருவ மீன். தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களின் நடுவில் அதைப் படித்து வெளியிட்டபோது, சங்ககாலப் பாண்டியர் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்பது நிலைபெற்றது. ஒரு சேகரிப்பாளரின் கையும் லென்ஸும் அதற்குப் போதுமாயிருந்தன. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த மாக்கோதை, கொல்லிப்புறை காசுகளைப் பற்றி நாம் உறுதியாகப் பேச முடிவதற்குக் காரணம், கிடைத்த இடம் தெரிந்திருப்பது. பெட்டிச் சீட்டில் பரப்பின் தரத்துக்கு எண் உண்டு. கண்டெடுத்த ஊருக்கு இடமில்லை. விலை எண்ணின் பின்னால் ஓடினால் ஊரின் பெயர் முதலில் தொலையும்.

சட்டத்தையும் நினைவூட்டுகிறேன். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது. சான்று வாங்கத்தானே அனுப்புகிறேன் என்ற எண்ணத்தில் யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம். 1939 ரூபாயும் 2039இல் அந்த எல்லையைத் தாண்டும். இன்னொன்று, பழைய ஐந்து ரூபாய் நாணயத்துக்கு லட்சங்கள் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வருபவை மோசடி. தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த ஏமாற்றைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

இந்த அவையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, இங்கே படிக்கப்படும் ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், இரு பக்கப் படம், கிடைத்த ஊர், யார் கையிலிருந்து வந்தது ஆகியவை எழுதிய ஒரு பக்கப் பதிவுத்தாள் இணைய வேண்டும். அதை அச்சிடக் காகிதச் செலவுக்கு மேல் ஆகாது. இரண்டு, காசு விற்கும் நண்பர்கள் ரசீதில் ஊர்ப்பெயரைச் சேர்க்க வேண்டும். வாங்குபவர்களும் தயங்காமல் கேளுங்கள்; அந்த ஒரு வரிக்காகக் கூடுதலாகக் கொடுக்கவும் முன்வாருங்கள். மூன்று, செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தை நம் வீடுகளிலிருந்தே நிறுத்துங்கள். களிம்போடு எழுத்தும் போய்விடுகிறது. நான்கு, நிலத்தில் காசு புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை மாணவர்களே, உழவர்களுக்குச் சொல்லுங்கள்.

சான்றுக்கு விலை கொடுப்பவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. நம்பத்தகுந்த வேறு சான்றை நாம் அவர்களுக்குத் தரவில்லை. இந்தப் பதிவுத்தாள் பரவினால், இன்று எண்ணுக்குப் போகும் கூடுதல் விலையில் ஒரு பங்காவது ஊர்ப்பெயருக்கும் வரலாற்றுக்கும் திரும்பும். பதிவுத்தாளின் வரைவை இன்று பிற்பகல் அமர்வில் விவாதித்து, மாலைக்குள் தீர்மானமாக நிறைவேற்றித் தர வேண்டுகிறேன். கருத்தரங்கு தொடங்குகிறது; முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.