இதயம் என்ற பம்ப்பும் பொட்டாசியம் என்ற உப்பும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியர் இதயத்தைப் பத்தி என்ன பேசப் போறான்னு முன்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. நான் டாக்டர் இல்லை. ஆனால் என் அப்பாவுக்கு நான்கு வருடமாக இதயம் பலவீனப்பட்டு வீங்கியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கி வருவது நான்தான். அதில் ஒரு வரி பொட்டாசியம். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும்.

உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவிகிதம் செல்களுக்கு உள்ளே இருக்கிறது. உள்ளே சுமார் 140, வெளியே ரத்தத்தில் 4. இந்த விகிதம்தான் இதயத் தசையின் ஓய்வு வோல்டேஜை, ஏறத்தாழ மைனஸ் 90 மில்லிவோல்ட்டை, நிர்ணயிக்கிறது. விகிதம் என்பதால் உள்ளே இரண்டு கூடினால் ஒன்றுமில்லை; வெளியே இரண்டு கூடினால் துடிப்பே தடுமாறும். அதிலும் வீங்கிய இதயத்தில் சுவர் இழுபட்டு, இடையிடையே தழும்பு நார் படிந்திருக்கும். நல்ல ஒயரிங் தாங்குகிற ஏற்ற இறக்கத்தை அந்த ஒயரிங் தாங்காதுங்க.

கால் வீக்கம் வற்ற நீர் மாத்திரை கொடுப்பார்கள். நீரோடு பொட்டாசியமும் மக்னீசியமும் போய்விடும். மக்னீசியம் குறைந்திருந்தால், பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் சிறுநீரகம் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டைத் தொட்டிதான்!

ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை இதற்கு நேர்மாறு. பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். 1999-ல் வெளிவந்த ரேல்ஸ் ஆய்வில், இதயம் மிகவும் பலவீனமான 1663 பேரில், அதைச் சாப்பிட்டவர்களிடையே மரணம் 30 சதவிகிதம் குறைந்தது. உடனே எல்லாரும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் என்ன ஆயிற்று என்று 2004-ல் கணக்கு வந்தது. பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் அதிகமாகியிருந்தார்கள். மாத்திரை அதேதான், ஆய்வில் இருந்த கண்காணிப்பு வெளியே இல்லை என்பது என் கணிப்பு.

நம்ம வீட்டுக்கு வருவோம். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இளநீர் வாங்கி வருகிறார்கள். இளநீரில் பொட்டாசியம் ஏராளம். ‘உப்பைக் குறைங்க’ என்றதும் சோடியம் குறைந்த உப்பு வாங்குகிறோம். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்: சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு! நீர் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்கு இளநீர் ஒத்துப்போகலாம். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிட்டு, சிறுநீரகமும் சரியில்லாதவருக்கு அதே இளநீர் ஆபத்து. அக்கம்பக்கத்தில் கேட்டு முடிவு செய்கிற விஷயமில்லை இது.

அடுத்த ரிப்போர்ட்டில் பொட்டாசியம், மக்னீசியம், கிரியாட்டினின் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். மக்னீசியத்தைப் பல இடங்களில் கேட்டால்தான் பார்ப்பார்கள். எண் தப்பாக இருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.