சர்வ் எல்லாம் உங்களுக்கே வந்தா?

இன்னிக்குப் பேசப்போறது கெர்ரி வால்ஷ் ஜென்னிங்ஸ் பத்தி. அமெரிக்க பீச் வாலிபால் வீராங்கனை. மிஸ்டி மே-ட்ரெய்னரோட ஜோடி சேர்ந்து 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங், 2012 லண்டன்னு வரிசையா மூணு ஒலிம்பிக் தங்கம். நடுவுல தொடர்ந்து 112 மேட்ச் தோக்கவே இல்ல. லண்டன்ல ஆடும்போது கர்ப்பமா வேற இருந்தாங்க! ஆனா நான் சொல்ல வந்தது 2016 ரியோ கதை.

அதுக்கு முன்னாடி ஆட்டத்தைப் புரிஞ்சுக்கணும். இண்டோர் வாலிபால்ல ஆறு பேர். ஒருத்தருக்கு அன்னிக்கு சரியா வரலைன்னா கோச் வேற ஆளை இறக்கிடுவார். மணல்ல ரெண்டே பேர், மாத்து ஆள் கிடையாது. ரியோ சமயத்துல, மேட்ச் நடக்கும்போது கோச் வாயைத் திறக்கவும் கூடாது. சர்வ் யாருக்குப் போகணும்னு எதிர் டீம்தான் முடிவு பண்ணும். அதை எடுக்கிறவங்களேதான் பெரும்பாலும் அட்டாக்கும் பண்ணணும், ஏன்னா ரெண்டாவது பந்தைத் தூக்கிக் குடுக்கறது பார்ட்னர். ஒருத்தர் தடுமாறினா, விடாம அவங்களுக்கே சர்வ் போகும். நம்ம பாஷைல சொன்னா, லோட் பேலன்சர் எதிராளி கையில.

2015ல கெர்ரியோட வலது தோள் ரெண்டு தடவை விலகிடுச்சு. ஆனா ஒலிம்பிக் தகுதிக்குப் போட்டிகள்ல ஆடியே ஆகணும். மூணு தங்கம் வாங்கினவங்க, ஸ்கூல் பி.டி. பீரியட்ல நாம போடுவோமே, அந்த அண்டர்ஹேண்ட் சர்வ் போட்டு ஆடினாங்க. அப்புறம் அதே தோள்ல அஞ்சாவது ஆபரேஷன்.

அடுத்த வருஷம் ரியோ, கோபகபானா கடற்கரை. பார்ட்னர் ஏப்ரல் ராஸ். முந்தின நாள்தான் கெர்ரிக்கு 38 முடிஞ்சிருந்தது. பீச் வாலிபால் ஒலிம்பிக்ல அதுவரைக்கும் 26 மேட்ச், 26 வெற்றி. அரையிறுதில பிரேசிலோட அகதா, பார்பரா. அவங்க கெர்ரியைத் தேடித் தேடி சர்வ் போட்டாங்க. பாஸ் சிதறிக்கிட்டே இருந்துச்சு. 22-20, 21-18. கதை முடிஞ்சுது. கெர்ரி தோள் மேலயோ கூட்டத்து மேலயோ பழி போடல. நான்தான் சரியா பாஸ் பண்ணலன்னு நேரா ஒத்துக்கிட்டாங்க.

எனக்கு முக்கியம் அடுத்த ராத்திரி நடந்த வெண்கல மேட்ச். மறுபடியும் ஒரு பிரேசில் ஜோடி: லாரிசா, தலிட்டா. மறுபடியும் அதே கூட்டம். முதல் செட்டும் போச்சு, 21-17. அப்பவும் மாத்து ஆள் கிடையாதுதானே? அடுத்த செட் 21-17, கடைசி செட் 15-9. ஜெயிச்சாங்க.

42 வயசுல டோக்கியோவுக்கும் முயற்சி பண்ணாங்க. தகுதி கிடைக்கல. சரி, அடுத்த வாரம் பாக்கலாம்.